குருவிப் படத்தின் கடைசி நிமிடம்

லென்சுக்கு முன்னால் விரித்த ஒரு கை. வெளிச்சம் பட்டு அதன் விரலோரங்கள் சிவந்திருக்கும். சனிக்கிழமைகளில் எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் படம் காட்ட, யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து புரொஜெக்டரோடு வருபவரை நாங்கள், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் முறையில், ஒப்பரேற்றர் நானா என்போம். அவரிடம் பேச்சில்லாத ஒரு கார்ட்டூன் படம் இருந்தது. பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டில் கூட்டத்தைத் தவறவிட்ட சின்னக் குருவியின் கதை. கதையை நானாதான் உரத்துச் சொல்வார். கடைசி நிமிடம் வந்ததும் கையால் லென்சை மறைத்துவிடுவார். "பிலிம் பழுது, பிள்ளையள். குருவி வீட்டை போய்ச் சேர்ந்திட்டுது. தாய்க்குருவி தேத்தண்ணி வச்சுக் குடுக்குது. வெளிக்கிடுங்கோ!" இசை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அது எப்படி என்று ஒருவரும் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுவோம்.

போன கிழமை பேத்திக்காகக் கைபேசியில் படம் தேடியபோது அதே குருவிப் படம் அகப்பட்டது. அறுபது வருடங்களுக்குப் பிறகு, அந்தக் கடைசி நிமிடத்தை முதன்முறையாகப் பார்த்தேன். கூட்டம் குருவியின் தலைக்கு மேலாலேயே பறந்து போகிறது. ஒன்றுகூடக் கீழே பார்க்கவில்லை. குருவி பனிக்குள் உறைந்து கிடக்கிறது. அத்தோடு படம் முடிகிறது. எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் வந்தது. இந்த மனிதர் என்னை ஏமாற்றிவிட்டாரே என்று, மௌத்தாகி அடக்கமாகிப் பல வருடமான நானாவோடு நாள் முழுக்க மனதுக்குள் சண்டை பிடித்தேன்.

பின்னேரம்தான் திராட்சைப் பந்தல் நினைவுக்கு வந்தது.

தொண்ணூறில், முஸ்லிம் குடும்பங்களை உடனே ஊரைவிட்டு வெளியேறும்படி இயக்கம் சொன்ன அன்று, படிப்பித்துவிட்டுச் சைக்கிளில் வந்த என்னை நானா தெருமுனையில் மறித்தார். வட்டத் தகரப் பெட்டியொன்றைக் கரியரில் வைத்தார். "இதைக் கொண்டுபோக விடமாட்டாங்கள், தம்பி. குருவிப் படம். நீங்கள் மாஸ்டர், உங்களிட்டைப் பத்திரமா இருக்கும். வந்து எடுக்கிறன்."

இரண்டு வருடம் பத்திரமாகத்தான் இருந்தது. பிறகு எங்கள் திராட்சைக்குக் குருவிகள் வரத் தொடங்கின. காற்றில் மினுங்கும் நாடா கட்டினால் அவை அண்டாது. எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் கசெற் நாடா கட்டுவார்கள். மின்சாரமில்லாத ஊரில் பிலிம் எதற்கு என்று எண்ணி, நான் அதைப் பருவத்துக்குப் பருவம் வெட்டிக் கட்டினேன்.

பன்னிரண்டு வருடம் கழித்து, சமாதான காலத்தில் பாதை திறந்ததும், அகதியாய் இருந்த புத்தளத்திலிருந்து நானா வந்தார். "பெட்டி இருக்கோ, தம்பி?"

"இடம்பெயர்ந்து போயிருந்த நேரம் வீட்டிலை ஒண்டும் மிஞ்சேல்லை, நானா." ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னேன்.

"அதுக்கென்ன, நீங்கள் உசிரோடை இருக்கிறியள். அது காணும்."

வழியனுப்பப் பந்தலுக்குக் கீழால் நடந்தோம். தலையில் தட்டிய பிலிம் துண்டொன்றைப் பிடித்து, வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார் நானா. கனநேரம் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

"உதுக்குக் குருவி பயப்பிடுமோ, தம்பி?"

"ஓம், நானா."

"நல்லது."

படலையை மெல்லச் சாத்திவிட்டுப் போனார். பிறகு வரவில்லை. அவருடைய பொய்யைக் கேட்டு நாங்கள் சிரித்துக்கொண்டு வீடு போனோம். என்னுடையதைக் கேட்டுவிட்டு அவர் புத்தளம் வரைக்கும் எப்படிப் போனாரோ, எனக்குத் தெரியாது.

நேற்றுப் பேத்தி குருவிப் படம் கேட்டாள். கடைசி நிமிடம் நெருங்க, என் கை தானாகப் போய்த் திரையை மூடியது.

"படம் பழுதாப்போச்சு, பிள்ளை. குருவி வீட்டை..."

"பொய் சொல்லாதேங்கோ, அப்பப்பா. பழுதெண்டால் ஏன் பாட்டுக் கேக்குது? கையை எடுங்கோ."

எடுத்தேன்.