உப்புத் தெரியாத நாக்கும் டொக்டரின் சிவப்புக் காரும்

டொக்டரின் காரில் பற்றறி வைக்கும் தட்டுக்குப் பின்னால் முதலில் ஒன்றைத்தான் கண்டேன். கடுகளவு கொப்புளம். கண் காணவில்லை, விரல்தான் கண்டது. அந்த நாட்களில் விடிந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் போய் அந்தச் சிவப்பைத் தடவிப் பார்க்காவிட்டால் எனக்குத் தேநீர் இறங்காது. அன்று மாரிக்காலத்தின் முதல் மழை பெய்து ஓய்ந்திருந்தது. மறுநாள் எஞ்சினைத் திரும்ப இறக்குவதாக டொக்டருக்குச் சொல்லியாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் தடவினேன். இரண்டு, மூன்று. மொத்தம் ஏழு.

நான் சொல்கிறேன், என் இளைய மகள் ரஜனி எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது. தேவையில்லாததை வெட்டச் சொன்னேன். எது தேவையில்லாதது என்று நீங்களே சொல்லுங்கள் என்கிறாள். அதனால் எல்லாம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கன்னத்தில் பார்க்கும் தாள்

டவுனில் ஒரு கராஜில் முப்பத்திரண்டு வருடம் நான் ரப் பண்ணினேன். பெயின்ற் அடிப்பதற்கு முன்னால் சொரசொரப்பான வோட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்ப்பதுதான் ரப் பண்ணுவது. தாளின் முதுகில் அதன் சொரசொரப்புக்கு ஏற்ற நம்பர் இருக்கும், நானூறு, எண்ணூறு என்று. படிக்கத் தெரியாததால் நான் தாளைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒரு முறை கட்டு மாறி வந்தபோது, படித்த பெடியன்கள் எல்லாரும் அட்டையைப் பார்த்து ஏமாந்தார்கள். நான் மட்டும் முகத்தில் வைத்ததும் "இது அது இல்ல" என்றேன். இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன்.

ஆனால் அத்தனை வருடத்திலும் பெயின்ற் அடிக்கும் ஸ்பிரே கன்னை ஒரு நாளும் என் கையில் தரவில்லை. தேய்ப்பது பூரணம் என்கிற நான், அடிப்பது வேறு ஆள், பெயர் முதலாளிக்கு. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது.

வேலையை விட்டு வீட்டோடு இருந்த வருடத்தில்தான் பல் டொக்டர் வந்தார். ஓய்வு பெற்றவர். இளவயதில் வாங்கிய இரண்டு கதவுச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைப் பல வருடமாகத் தறப்பாளுக்குள் மூடி வைத்திருந்தார். வெளிப் பெயின்ற், நான் வேலையை விடுவதற்கு முன்பே, எங்கள் கராஜில்தான் முடிந்தது. அந்தக் கதவுகளை ரப் பண்ணியதும் நான்தான். பொனற்றைத் திறந்தால் மட்டும் கறுப்பு எண்ணெயும் துருவும். எஞ்சின் இருக்கும் அந்தக் குழியையும் செய்து தரும்படி கேட்டதற்கு முதலாளி சிரித்தாராம்.

"பொனற்ற மூடினா உள்ளுக்கு ஆர் டொக்டர் பாக்கிற?"

டொக்டர் எங்கள் வீட்டு வளவில் கதிரையைக்கூடத் தூசு தட்டாமல் உட்கார்ந்து சொன்னார்: "பூரணம், நான் ஆயுசு முழுக்க மத்த ஆக்கள்ட வாயத் திறந்து பாத்தவன். உள்ளுக்கு ஊத்தை கிடந்தா எனக்கு நித்திரை வராது. டிசம்பர்ல, நத்தார்ப் பெருநாளுக்கு மனிசிய மாதா கோயிலுக்கு இதுலதான் கூட்டிப் போறதெண்டு சொல்லிப் போட்டன். நீங்க செய்வீங்களா?"

"கன்னும் நான்தான் பிடிப்பன் டொக்டர். சம்மதமா?"

"நீங்க பிடிக்காம வேற ஆர் பிடிக்கிற?"

அப்படித்தான் என் பெயரில் முதல் வேலை என் வளவுக்கு வந்தது.

தேநீர்ச் சண்டை

எஞ்சினைக் கழற்றியவர் ரஜனியின் கணவர் சிவா. நல்ல மெக்கானிக். உன்னிச்சைக் குளத்துப் பக்கம் சொந்த ஊர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பது வழக்கம். அவர் வந்து அப்போது நான்கு மாதம். எங்கள் வீடு எழுவான்கரையில், ஒரு பக்கம் வாவி, ஒரு பக்கம் கடல். நல்ல காற்று, நல்ல மீன். மாப்பிள்ளைக்கு எல்லாம் பிடித்திருந்தது, என் தேநீரைத் தவிர.

"மாமி, சீனிப் போத்தலும் உப்புப் போத்தலும் கிட்டக் கிட்டவா வைச்சிருக்கீங்க?"

"ஓம் மருமகன், உங்கட குளத்துத் தண்ணி தேன்தானே! போய் அங்க குடிங்க."

"அது சரி, நான் அங்க போனா மறுகா என்ர மனிசிய ஆரு பாக்கிற?"

தினமும் இதே கூத்து. மாப்பிள்ளைமார் மாமியார் வீட்டுச் சாப்பாட்டில் குறை பிடிப்பது புதிதா? என் மூத்த மருமகனுக்கு என் புட்டுப் பிடிக்காது. அதை விடுங்கள்.

வேப்பமரக் கொம்பில் செயின் புளொக் கட்டி சிவா எஞ்சினைத் தூக்கினார். வயர்களைச் சுருட்டிப் பைகளில் கட்டினார். பிறகு குழி எனக்கு. மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு எண்ணெய்ப் படையை எடுத்தேன். பழைய பெயின்ற்றைச் சுரண்டினேன். மெஷின் போகாத மூலைகளுக்குப் பழைய செருப்பு ரப்பரைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, தாளைச் சுற்றி, விரலாலேயே தேய்த்தேன். குழிக்குள் பாதி உடம்பு, வெளியே இரண்டு கால். பார்க்க வந்த சனம் "பூரணத்த கார் விழுங்கிப் போட்டுதா?" என்று கேட்டது. நல்ல கோடை. வாளி வாளியாகக் கிணற்றில் அள்ளித் தேய்த்துக் கழுவினேன். அடிப்பூச்சுக்குப் பிரைமர் அடித்து, அதையும் அதே தண்ணீரில் தேய்த்தேன்.

பிறகு சிவப்பு. கன்னைப் பிடித்தபோது என் கைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் பக்கத்தில் நின்று பார்த்த கை அது. காய்ந்த பிறகு குனிந்தால் என் முகம் அதில் தெரிந்தது. ரஜனி ஃபோனில் படம் எடுத்து ஊர் முழுக்க அனுப்பினாள். நான்தான் அனுப்பச் சொன்னேன், எழுது மகள், வெட்கமில்லை.

சிவா எஞ்சினைச் செய்து முடிக்க ஒரு மாதம் போனது. மழை வந்தது. கொப்புளமும் வந்தது.

ஊசியால் குத்திப் பார்த்தது

மூவரும் குழியைச் சுற்றி நின்றோம். ரஜனிதான் முதலில் வாய் திறந்தாள்.

"அம்மா, ஏழும் பற்றறித் தட்டுக்குப் பின்னாலதானே கிடக்கு. பற்றறிய வைச்சா ஆருக்குத் தெரியும்?"

உண்மைதான். கடவுளையும் எங்களையும் தவிர யாருக்கும் தெரியாது. கராஜில் இப்படி மூடிய இடங்கள் எத்தனை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவை முதலாளியின் பெயரில் மூடியவை.

தையல் ஊசியால் ஒன்றைக் குத்தினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.

"ஐயோ மாமி, நஞ்சல்லோ!" என்று சிவா கத்தினார்.

உப்பு. நல்ல உப்பு. பெயின்ற்றுக்கு அடியில் உப்பு எப்படி வரும்? கிணற்றடிக்கு ஓடினேன், ஒரு வாளி அள்ளிக் குடித்தேன். ஒன்றும் தெரியவில்லை, எப்போதும் குடிக்கிற தண்ணீர். ரஜனி குடித்தாள். "நல்ல தண்ணிதானே அம்மா" என்றாள். சிவா ஒரு வாய் குடித்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிக்கவும் பயம், சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை அவருக்கு.

"மாமி... நான் ஆறு மாசமா இதத்தானே சொல்றன்."

எனக்குத் தலையில் யாரோ தண்ணீர் ஊற்றியது போல இருந்தது. பிறந்ததிலிருந்து குடிக்கும் கிணறு. கோடையில் நீர் இறங்கினால் வாவியின் உப்புத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். எங்கள் நாக்கு அதைத் தண்ணீர் என்றே படித்து வைத்திருக்கிறது. கராஜில் பைப் தண்ணீர். அதனால் முப்பத்திரண்டு வருடம் தண்ணீரைப் பற்றி நினைக்கத் தேவையே வரவில்லை. தாளைக் கன்னத்தில் பார்த்த எனக்குத் தண்ணீரைப் பார்க்கத் தெரியவில்லை. தகட்டில் காய்ந்த உப்பு, மழை ஈரம் வந்ததும் பெயின்ற்றைத் தூக்கியிருக்கிறது. இன்று ஏழு, வருகிற மாரிக்கு எழுபது.

ரஜனியிடம் ஃபோனை வாங்கி டொக்டருக்கு நானே சொன்னேன். கிணற்றையும் சொன்னேன், தேநீரையும் சொன்னேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"மூடிப் போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே, பூரணம்?"

"தெரிஞ்சிராது டொக்டர்."

"சூத்தைப் பல்லுக்கு மேல மூடி போட்டு அனுப்பினா அந்த ஆள் ஒரு நாள் திரும்பி வருவான். கழட்டுங்க. ஆனா நத்தாருக்கு வேணும். மனிசிக்குச் சொல்லிப் போட்டன்."

உன்னிச்சைத் தண்ணீர்

முகம் தெரிந்த அந்தச் சிவப்பை என் கையாலேயே தகடுவரை சுரண்டினேன். அழவில்லை என்று சொன்னால் ரஜனி எழுத மாட்டாள்.

சிவா தன் தாய் வீட்டிலிருந்து ஒரு சின்ன லொறியில் பிளாஸ்ரிக் கான் கானாகத் தண்ணீர் கொண்டுவந்தார். குழியைக் கழுவினோம். கடைசியாக ஒரு வெள்ளைத் துணியை நனைத்து மூலை முடுக்கெல்லாம் ஒற்றிப் பிழிந்து, பிழிந்த தண்ணீரை சிவாவின் நாக்கில் வைத்தேன். "உப்பு மாமி." மறுபடி கழுவினோம். "இன்னும் கொஞ்சம் கிடக்கு." மறுபடி. நான்காவது முறை கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"இப்ப எங்கட ஊட்டுத் தண்ணி மாதிரிக் கிடக்கு."

உடனே துடைத்துக் காயவைத்து அன்றே பிரைமர் அடித்தேன். மழை விட்ட நாளாகப் பார்த்துப் பார்த்து, தறப்பாள் கட்டி மீதியை முடித்தேன். நத்தாருக்கு இரண்டு நாள் முன்னால் எஞ்சின் உறுமியது. டொக்டரின் மனைவி கோயில் வாசலில் இறங்கியதும் சேலையைக்கூடச் சரிசெய்யவில்லை. "பொனற்றத் திறங்க, எல்லாரும் பாக்கட்டும்" என்றாராம்.

ஒரு மாரி முழுக்கப் போய் அடுத்த மாரியும் வந்த பிறகு முதலாளியே டொக்டர் வீட்டில் அந்தக் காரைப் பார்த்திருக்கிறார். கதை எப்படியோ காதுக்குப் போயிருக்கிறது. பற்றறியைக் கழற்றச் சொல்லி, தட்டுக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவினாராம். ஒன்றுமில்லை. பிறகு என்னைச் சந்தையில் கண்டு கேட்டார்.

"எந்தப் பிரைமர் பூரணம் அடிச்ச?"

"கடையில விக்கிற பிரைமர்தான் முதலாளி. தண்ணிதான் வேற. நாக்கும் வேற."

இப்போது எங்கள் வளவில் மூன்றாவது கார் நிற்கிறது. வீட்டில் வைத்து இந்த வேலை செய்யப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கையை நம்புங்கள், கண்ணை நம்புங்கள், உங்கள் கிணற்றை மட்டும் நீங்களே ருசி பார்க்காதீர்கள். வேறு ஊரில் தண்ணீர் குடித்து வளர்ந்த ஒருவரிடம் கொடுங்கள்.

எனக்கும் புதிய பிரச்சினை ஒன்று வந்திருக்கிறது. போன வாரம் தேநீரைக் குடித்துவிட்டு சிவா பேசாமல் கோப்பையை வைத்தார்.

"என்ன மருமகன், இண்டைக்குக் குறை ஒண்டும் இல்லையா?"

"நல்லா இருக்கு மாமி."

ரஜனிக்கு ஒரே சந்தோசம். எனக்கோ அவர் நாக்கும் எங்கள் கிணற்றுக்குப் பழகிவிட்டதே என்ற பயம். அன்றே உன்னிச்சைக்கு ஃபோன் எடுத்து சிவாவின் தாயை வரச் சொல்லிவிட்டேன். நாளைக்கு வருகிறார். வந்ததும் முதலில் தேநீர். அந்த அம்மா முகம் சுளித்தால்தான் எனக்கு நிம்மதி.