மூன்று வைத்தியர்களும் ஒரு பூதமும்

என் தங்கை ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அறையில் நர்ஸ். பதினொரு வருடமாக ஒரு நாளைக்கு நாற்பது கட்டுக்குக் குறைந்ததில்லை.

ஞாயிறு மாலை, என் தையல் கடையின் துணி வெட்டும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அவளும் நண்பர்களும் கதை விளையாட்டு ஆடுவார்கள். ஒரு டீச்சர் கதை சொல்வார். மற்ற மூவரும், அதாவது தங்கை, ஒரு எலெக்ட்ரீஷியன், ஒரு நூலகர், ஆளுக்கொரு வேஷம் எடுத்து, இருபது முகப் பகடை உருட்டிப் பிழைக்க வேண்டும். சண்டைக்கு ஒருவர், வைத்தியத்துக்கு ஒருவர், பூட்டுத் திறக்க ஒருவர் இருந்தால் நல்லது என்று டீச்சர் முதல் நாளே சொன்னார். மூவரும் வாள் எடுத்தார்கள்.

"சிஸ்டர், நீங்கதானே வைத்தியர்?" என்றார் எலெக்ட்ரீஷியன்.

"வாரத்துல ஆறு நாள் அதுதான் பண்றேன். நீங்க மட்டும் ஃப்யூஸ் போடற வேஷமா எடுத்தீங்க?"

எட்டு மாதம் எப்படியோ தள்ளினார்கள். பிறகு பாலத்துப் பூதம் வந்து மூவரையும் கொன்றது. தங்கையின் வாள் முனை அதன் முழங்காலில் ஒடிந்து நின்றதுதான் மிச்சம்.

"புது வேஷத்தோட வாங்க. அதுலயும் செத்தீங்கன்னா கதையை மூடிடறேன்," என்றார் டீச்சர்.

அன்று தங்கை சாப்பிடவில்லை. நாற்பது கட்டுப் போட்டுவிட்டு வந்தும் சாப்பிடுகிறவள் அவள். புதன்கிழமை என்னிடம், "நானே வைத்தியரா போறேண்ணா. கதை நிக்கக் கூடாது," என்றாள்.

ஞாயிறு மூவரும் வேஷத் தாளை மேசைமேல் வைத்தார்கள். மூன்றும் வைத்தியர். மற்ற இருவருக்கும் அதே வாரம் மனசு உறுத்தியிருக்கிறது.

"இப்ப யாரு அடிக்கிறது?" என்றார் நூலகர்.

"பூதம்," என்றார் டீச்சர்.

அடித்தது. ஒருவர் விழுந்தால் இருவர் எழுப்பினார்கள். ஐந்து மணியிலிருந்து ஆறேமுக்கால் வரை இதே வேலை. அதற்குள் நான் இரண்டு கால்சட்டைக்கு அடிமடித்துத் தைத்துவிட்டேன்.

மருந்து தீரும் நேரத்தில் தங்கை கேட்டாள்: "டீச்சர், அந்த வாள் முனை அது முட்டியில இன்னும் இருக்கா?"

டீச்சர் நோட்டைப் புரட்டினார். "இருக்கு."

"அப்ப உக்காந்து காலை நீட்டச் சொல்லுங்க."

"அது பூதம்."

"எங்கிட்ட வர்றவங்க எல்லாரும் முதல்ல அப்படித்தான் இருப்பாங்க."

பகடை உருட்டினாள். பதினெட்டு விழுந்தது. பூதம் உட்கார்ந்து காலை நீட்டியது. முனையைப் பிடுங்கி, கழுவி, மிச்ச மருந்தையெல்லாம் வைத்துக் கட்டினாள்.

"கட்டை எப்பப் பிரிக்கணும்னு கேக்குது," என்றார் டீச்சர்.

"அஞ்சு நாள் ஆகும். அதுவரைக்கும் கூடவே வரச் சொல்லுங்க."

என் கையெழுத்து தெளிவாக இருப்பதால் வேஷப் பட்டியல் நான்தான் எழுதுவேன். வைத்தியர் மூன்று பேர். சண்டைக்கு, பூதம். பூட்டுத் திறக்க இன்னும் ஆள் இல்லை. பூதம் கதவையே பெயர்த்துவிடும் என்கிறாள் தங்கை. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.