கூரைமேல் கவிழ்த்த சட்டிகள்

போன சனிக்கிழமை மதியம் என் மச்சான் சாமுவேல் எங்கள் வீட்டில் தூங்கிவிட்டார்.

இதெல்லாம் ஒரு செய்தியா என்பீர்கள். செய்திதான். தலைக்கு மேல் ஃபேன் சுற்றாத இடத்தில் தான் கண் மூடியதே இல்லை என்பது அவருடைய பெருமை. கல்யாணங்களுக்குக்கூட டேபிள் ஃபேனைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு போகிறவர். எங்கள் வீட்டிலோ ஃபேன் கிடையாது. கரண்டே கிடையாது.

தவிர, அவர் வந்தது தூங்குவதற்கல்ல... என் மனைவி சுகிர்தத்தைச் சித்தூருக்கு அழைத்துப் போவதற்கு.

நான் கரண்டு ஆபீசில் குப்பை கொட்டி ரிடையர் ஆனவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதுக் கனெக்‌ஷன் விண்ணப்பத்தோடு என்னென்ன இணைக்க வேண்டும், அது எந்த மேஜையில் எத்தனை மாதம் தூங்கும், எழுப்ப என்ன செய்ய வேண்டும் — எல்லாம் அத்துப்படி. பாகாலாவுக்குப் பக்கத்தில் மாந்தோப்பு ஓரமாக மனை வாங்கியபோது, எங்கள் நிலத்துக்குக் கம்பம் வந்து சேர எவ்வளவு காலமாகும் என்று மனதிலேயே கணக்குப் போட்டேன். நடைமுறை தெரிந்தவன் என்ன செய்வான்? விண்ணப்பம் போடமாட்டான். கரண்டு தேவைப்படாத வீடாகக் கட்டிவிடுவான்.

யோசித்துப் பாருங்கள். நாம் எல்லோரும் வெயிலை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, பிறகு அதை விரட்ட மீட்டர் வைத்துக் காசு கட்டுகிறோம். அதை வாசலிலேயே நிறுத்தினால் என்ன?

நிறுத்தினேன். வீட்டின் நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்த்தவை. மேற்கில் ஒரு ஜன்னல்கூட இல்லை. சுவர்கள் மண்கல்லில், ஒரு முழத்துக்கும் மேல் கனம். சமையலறையில் புகை வெளியே போகும் அடுப்பு. விறகு பாதிதான் பிடிக்கிறது. இதையெல்லாம் மேஸ்திரி முனிரத்தினம் முகம் சுளிக்காமல் கட்டிக் கொடுத்தார். தகராறு கூரைத் தளத்தில் வந்தது.

தளத்தின் மேல் மண்சட்டிகளை நெருக்கமாகக் கவிழ்த்து, இடுக்குகளில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டி மூடிவிட வேண்டும் என்றேன். சட்டிக்குள் அடைபட்ட காற்று வெயிலைக் கீழே விடாது. முனிரத்தினம் கரணையைக் கீழே வைத்துவிட்டார்.

"வத்து சார், வத்து," என்று தெலுங்கில் மறுத்துவிட்டுத் தமிழுக்கு வந்தார். "புது வூட்டு மேல வெறுஞ்சட்டியக் கவுத்துனா பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க? எழவு வூடுன்னு சொல்லுவாங்க. எங்கையால அது மட்டும் வாணாம்."

நாங்கள் மூன்று தலைமுறையாகச் சர்ச்சுக்குப் போகிற குடும்பம், எங்களுக்கு இந்தச் சகுனமெல்லாம் இல்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டு ஆதரவுக்காகச் சுகிர்தத்தைப் பார்த்தேன். அவள் மேஸ்திரி பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

"ஜெபம் பண்ற குடும்பம்னா ஊரு வாயில விழணுமா இன்னா?" என்றாள்.

ஆபீசில் இரண்டு செக்‌ஷன்கள் முட்டிக்கொண்டால் என்ன செய்வோமோ அதையே செய்தேன். ஒவ்வொரு நாளும் கவிழ்க்கும் சட்டிகளை அன்றைக்கே மூடிவிடுவது. வேலை தொடங்கும்போது முனிரத்தினம் பூசணிக்காய் உடைப்பார். முடிந்ததும் எங்கள் போதகர் வந்து ஜெபிப்பார். இரண்டு தரப்பு அப்ரூவலும் ஆயிற்று.

ஆனால் வண்டி நிறையச் சட்டி வந்து இறங்குவதை எப்படி மறைப்பது? குடிவருவதற்கு முன்பே ஊரில் பெயர் வைத்துவிட்டார்கள் — சட்டி வூடு. சுகிர்தம் கடைக்குப் போனால் 'சட்டி வூட்டம்மா'. எனக்குச் சிரிப்பாக இருந்தது. அவளுக்கு இல்லை. சித்தூரில் தோழிகளையும் சர்ச் பாடகர் குழுவையும் விட்டுவிட்டு வந்தவள். ஒரு மே மாதம் பார்ப்பேன், தாங்கவில்லை என்றால் வீட்டை விற்றுவிட்டுச் சித்தூருக்கே திரும்பிவிட வேண்டும் என்றாள். சத்தியம் செய்து கொடுத்தேன். வேறு வழி?

அந்த மே மாதத்தில்தான் மச்சான் வந்தார். சித்தூரில் அவருடைய மாடி போர்ஷன் காலியாக இருந்தது. வாடகைக் காரையும் கையோடு கொண்டுவந்திருந்தார். வெளியே அனல். தோப்பில் ஓர் இலை அசையவில்லை. டேபிள் ஃபேனைக் கூடத்தில் இறக்கி வைத்துவிட்டு நாலு சுவரையும் பார்த்தார்.

"பிளக் எங்க மாப்ள?"

இல்லை என்றேன்.

"கரண்டு ஆபீசுல இருந்தவரு வூட்டுல கரண்டு இல்ல. நல்லா கீது. என் தங்கச்சிய சட்டிக்குள்ள போட்டு வேகவெக்கிறீங்களா?"

சுகிர்தம் சோறு பரிமாறினாள். சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் அண்ணனும் தங்கையும் கிளம்புவதாக ஏற்பாடு. அதுவரை சும்மா சாய்ந்திருக்கிறேன் என்று மச்சான் தரையில் பாயை விரித்தார். குறட்டை கேட்டது. கார் டிரைவர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். மூன்றாவது முறை அவரும் உள்ளே வந்து ஓரமாகப் படுத்துவிட்டார்.

எழுந்தபோது மணி நாலரை. அவர் சட்டையில் வியர்வை இல்லை. அதை அவரும் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஆனால் தோல்வியை ஒப்புக்கொள்வது அவர்கள் வம்சத்தில் கிடையாது.

"இன்னிக்கு நல்ல காத்து. அதான்," என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் சுகிர்தம் முந்திக்கொண்டாள்.

"ஒரு எல ஆடலண்ணா இன்னிக்கு. காத்தாம் காத்து! மேல ஏறி வா, காட்றேன்."

அண்ணனை ஏணியில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனாள். நான் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளையடித்த தளத்தின் அடியில் சட்டிகள் எப்படிக் கவிழ்ந்திருக்கின்றன, உள்ளே அடைபட்ட காற்று என்ன செய்கிறது, மேற்கில் ஏன் ஜன்னல் வைக்கவில்லை... எல்லாம் ஒப்பித்தாள். ஒரு தப்பு இல்லை. மச்சானிடமிருந்து 'உம்' மட்டும் வந்துகொண்டிருந்தது.

கடைசியில் சொன்னாள்: "மேஸ்திரி முடியவே முடியாதுன்னு ஒக்காந்துக்கினாரு. நாங்க உடல."

நாங்க!

மச்சான் தனியாகத்தான் காரில் ஏறினார். போகும்போது, முனிரத்தினம் சித்தூர்ப் பக்கம் வேலைக்கு வருவாரா என்று பட்டும் படாமலும் விசாரித்தார்.

என் சர்வீஸ் முழுக்க எத்தனையோ சாங்ஷன் பார்த்திருக்கிறேன். விண்ணப்பமே போடாமல் கிடைத்தது இது ஒன்றுதான்.