சேனாதிபதி அண்ணனுக்கு மட்டும் ஷாக் அடிக்காது

தை மாசம் பொறந்துட்டா எங்க டாக்ஸி ஸ்டாண்டுல வண்டியை விட்டு எறங்குற ஒவ்வொருத்தனும் கையை உதறுவான். கொடைக்கானல்ல அப்போ காத்து காஞ்சுபோயிக் கெடக்கும். ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு, நைலான் சீட் கவர்ல மணிக்கணக்கா தேய்ஞ்சுட்டு, எறங்கிக் கதவுத் தகரத்தைத் தொட்டா வெரல் நுனியில டிக்குன்னு அடிக்கும். எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்னு சொல்றவன் மலையில வண்டி ஓட்டாதவன். எனக்கு அடிச்சா மொதல்ல கெட்ட வார்த்தைதான் வரும். சவாரி வந்த குடும்பம் பக்கத்துல நின்னாலும் வரும்.

நான் ராஜ்மோகன். இருவத்திரெண்டு வருசமா இந்த ஸ்டாண்டுல வண்டி போடுறேன். எனக்கும் முன்னாடி இருந்து ஓட்டுறவரு சேனாதிபதி அண்ணன். சிலோன்ல டீ எஸ்டேட் லயத்து வீட்டுல பொறந்து, பத்து வயசுல அப்பா ஆத்தாளோட கப்பலேறி வந்தவரு. இங்க வந்து மரம் தூக்கினாரு, கெழங்கு மூட்டை தூக்கினாரு, லாரியில கிளீனரா ஏறினாரு, அப்புறம் டிரைவர். இப்ப அம்பத்தேழு வயசு, சொந்த வண்டி. அதுல இன்னிக்கு வரைக்கும் ஒரு கீறல் கெடையாது. பண்ணைக்காடு போற ரோட்டுல எதுத்தாப்புல பஸ் வந்தா நாங்கள்லாம் ஹாரனை அமுக்கிக்கிட்டு நிப்போம். அவரு பின்னாடியே எடுத்துப்போயி வழி விட்டுட்டு, பஸ் டிரைவருக்குக் கையும் காட்டுவாரு. வீட்டுல அவரும் அவரு சம்சாரம் கலைமணி அக்காவும்தான். பதினஞ்சு வருசமா சுகர். மாத்திரையை வண்டிக்குள்ள போட்டு வெச்சுட்டு, டீயில மூணு கரண்டி சீனி கேப்பாரு.

போன தை மாசம் அவரு பின்பக்க பம்பருக்குக் கீழ மாடு கட்டுற இரும்புச் செயினு ஒண்ணைத் தொங்கவிட்டாரு. பெட்ரோல் லாரியில தொங்குறதைப் பாத்து அவரா யோசிச்சது. "கரண்டு பூமிக்கு எறங்கிரும், வெளங்குதா"ன்னாரு. ஒரு வாரம் கழிச்சு ஸ்டாண்டுக்கே கேக்குற மாதிரி, "எனக்கெல்லாம் இப்ப அடிக்கிறதே இல்லப்பா"ன்னு சொன்னாரு. நெசமாவே அவரு கையை உதறி நாங்க யாரும் பாக்கல. பத்தே நாள்ல ஸ்டாண்டுல பாதி வண்டிக்கு வாலு மொளைச்சிருச்சு.

நானும் கட்டினேன். அடிச்சுது. "ஒனக்குச் செயினு தரையைத் தொடல"ன்னாரு. தொட வெச்சேன், அப்பவும் அடிச்சுது. "துருப்புடிச்ச செயினு"ன்னாரு. புதுசு மாட்டினேன். அதுக்கும் அடிச்சதும், "அதெல்லாம் வண்டி ராசி"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. எனக்கு மண்டை காஞ்சுபோச்சு. ஒரே ஊரு, ஒரே பனி, ஒரே கடையில வாங்கின செயினு, இந்த மனுசனுக்கு மட்டும் எப்படி அடிக்காமப் போகும்?

மதுரையில இருந்து ஒரு காலேஜ் வாத்தியாரு என் வண்டிக்கு வந்தாரு. செயினைப் பாத்து என்னான்னு கேட்டுட்டு அப்படிச் சிரிச்சாரு. "கரண்டு வண்டியில இல்லீங்க. நீங்க சீட்டுல தேய்ஞ்சு தேய்ஞ்சு ஒங்க ஒடம்புல ஏறி நிக்குது. எறங்கித் தொடும்போது ஒங்ககிட்ட இருந்து தகரத்துக்குப் பாயுது. செயினைக் கட்டுறதா இருந்தா ஒங்க இடுப்புலதான் கட்டணும்"ன்னாரு. எனக்கு ஒரே குஷி. அண்ணனை ஸ்டாண்டுல எல்லார் முன்னாடியும் மடக்கிறலாம்னு நெனைச்சேன்.

மறுநாள் வெள்ளனே, இன்னும் இருட்டு பிரியல, அவரு வண்டியில ஏறி டீக்கடை வரைக்கும் போனேன். வேணும்னே சீட்டுல அங்கிட்டும் இங்கிட்டும் தேய்ச்சுக்கிட்டு உக்காந்தேன். எறங்கி என் பக்கத்துக் கதவைத் தொட்டேன். சுளீர்னு வெச்சுது. அதே நேரம் அந்தப் பக்கம் அவரும் எறங்கிக் கதவுல கையை வெச்சாரு. டிக்குன்னு சத்தம் எனக்குக் கேட்டுது. அவரு நடுவெரல் நுனியில நீலமா ஒரு பொறி வெட்டினதையும் கண்ணாடி வழியாப் பாத்தேன். அவரு கண்ணைக்கூடச் சிமிட்டல. கதவை மெதுவாச் சாத்திட்டு, "பாத்தியா, ஒண்ணுமில்ல"ன்னாரு.

மடக்கணும்னு தொறந்த வாயை மூடிக்கிட்டேன். என் மாமனாருக்கும் சுகர்தான். மொதல்ல அவருக்குக் காலு மரத்துச்சு, ரெண்டு வருசம் கழிச்சுத்தான் கை. டாக்டர் அப்பவே எங்களுக்குச் சொல்லியிருந்தாரு, முக்கால்வாசிப் பேருக்கு இந்த வரிசையிலதான் போகும்னு. சேனாதிபதி அண்ணனுக்குக் கையே போச்சுன்னா, பிரேக்கை மிதிக்கிற காலு எப்பவோ போயிருக்கணும். இவரு பின்னாடி பச்சைப் பிள்ளைகளை உக்கார வெச்சுக்கிட்டு தெனமும் மலையெறங்குறாரு.

எட்டு நாளு நான் யார்கிட்டயும் சொல்லல. சொன்னா அவருக்கு வண்டி போச்சு. அவருக்கு வேற சோலி தெரியாது. எனக்கு வருத்தம் வந்திருக்கணும், பயமாவது வந்திருக்கணும். ஒண்ணும் வரல. சவாரி எடுத்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். அவரு எறங்கும்போதெல்லாம் கையை உதறுறாரான்னு பாத்தேன். உதறல.

ஒம்பதாம் நாள் என் வண்டி ஒர்க்‌ஷாப்புல நின்னுச்சு. எனக்குப் பூம்பாறையில ஒரு ஆளைப் பாக்க வேண்டியிருந்தது. அவரு ஒரு கோயம்புத்தூர் குடும்பத்தை அங்க கூட்டிப் போறாருன்னு முன்சீட்டுல ஏறிக்கிட்டேன். திரும்பி வரும்போது பின்னாடி ரெண்டு பிள்ளைகளும் தூங்கிருச்சுக. ஒரு எறக்கத்து வளைவுல அண்ணன் ரோட்டைப் பாக்காமக் குனிஞ்சு தன் காலைப் பாத்தாரு. காலு எங்க இருக்குன்னு பாத்து, எடுத்து, பிரேக்குல வெச்சாரு. வண்டி குலுங்கி நின்னு போச்சு. "ஷூ வழுக்குதுப்பா"ன்னாரு. அடுத்த வளைவுலயும் பாத்தாரு. ஸ்டாண்டு வர்ற வரைக்கும் அவருக்கும் சேத்து ரோட்டைப் பாத்துக்கிட்டு வந்தேன்.

அந்தக் குடும்பம் எறங்கிப் போனதும் சொன்னேன். "அண்ணே, ஒங்க செயினு ஒரு நாளும் வேலை செய்யல. ஒங்க கைதான் வேலை செய்யல."

சிரிச்சாரு. ஒரு மடையனைப் பாத்துச் சிரிக்கிற சிரிப்பு. காலைப் பாத்துட்டுத்தானே பிரேக் அடிச்சீங்கன்னு கேட்டேன். சிரிப்பு நின்னுபோச்சு.

"யார்ட்டயும் சொன்னியாலே?"

"இல்லண்ணே."

"அக்காட்ட?"

"இல்ல."

ரொம்ப நேரம் வண்டிக் கண்ணாடியைத் தொடைச்சாரு. அப்புறம், "நாளைக்கு டாக்டரம்மாட்ட போவோம். காலுல உணர்ச்சி இருக்குன்னு அந்தம்மா சொல்லிட்டா நீ செத்தாலும் வாயைத் தொறக்கக் கூடாது"ன்னாரு.

"இல்லேன்னு சொல்லிட்டா?"

"அப்ப நான் ஓட்டல. போதுமா?"

காலையில அவரு வந்து நின்ன கோலத்தைப் பாக்கணுமே. சவரம் பண்ணி, காக்கிச் சட்டையைத் தேச்சுப் போட்டு, புது சாக்ஸ். லைசன்ஸ் எடுக்கப் போற பய மாதிரி இருந்தாரு. வண்டியை அவருதான் ஓட்டினாரு. ஏரியைச் சுத்திச் சமமான ரோடுதான்னு நானும் விட்டுட்டேன்.

டாக்டரம்மா சாக்ஸைக் கழட்டச் சொன்னாங்க. வலது உள்ளங்காலுல, பெருவெரலுக்குக் கீழ ஒரு புண்ணு, அரை ரூவா அகலம். எப்ப வந்துச்சுன்னு கேட்டாங்க. அவரு குனிஞ்சு அதைப் பாத்தாரு. அவருக்கே அப்பத்தான் தெரியும்னு எனக்குப் புரிஞ்சுது. "நேத்து"ன்னாரு.

மருந்து வெச்சுக் கட்டிட்டு, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்தாங்க. "கண்ணை மூடிக்குங்க. காலுல நான் தொட்டது தெரிஞ்சதும் 'ம்' சொல்லுங்க."

கண்ணை மூடினாரு. டாக்டரம்மா கட்டைவெரல்ல குத்தினாங்க. "ம்"ன்னாரு. குதிகாலுல குத்தினாங்க. "ம்"ன்னாரு. எனக்கு மூச்சு வந்துச்சு. நான்தான் ஊரைக் கூட்டிட்டேனோ, மனுசன் நல்லாத்தானே இருக்காருன்னு என்னையே வைஞ்சுக்கிட்டேன். சுண்டுவெரல்ல குத்தினாங்க, "ம்." டாக்டரம்மா அவரு மொகத்தைப் பாத்தாங்க. அப்புறம் இழையை மேசை மேல வெச்சுட்டு, ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு நின்னாங்க.

"ம்"ன்னாரு.

கொஞ்ச நேரம் விட்டு, திரும்ப "ம்"ன்னாரு. வளைவை எண்ணி ஓட்டுற ஆளு, டாக்டரம்மா எத்தனை நொடிக்கு ஒருக்கா குத்துறாங்கன்னு மனசுலயே எண்ணியிருக்காரு. யாரும் தொடாத காலை நீட்டிக்கிட்டு, இன்னொரு "ம்" சொன்னாரு. டாக்டரம்மா என்னைப் பாத்தாங்க. நான் சுவத்துல இருந்த காலண்டரைப் பாத்தேன்.

"போதும்ணே"ன்னேன்.

கண்ணைத் தொறந்தாரு. மேசை மேல கெடக்குற இழையைப் பாத்தாரு. டாக்டரம்மா கட்டியிருந்த கையைப் பாத்தாரு. என்கிட்டத்தான் கேட்டாரு, "எத்தனை தடவைப்பா?"

"கடைசி மூணும்ணே. முன்னாடி சொன்னது தெரியல."

"முன்னாடி சொன்னதும் அப்படித்தான்"ன்னாரு.

சாக்ஸைப் போட்டுக்கிட்டாரு. ரெண்டு பேரும் வெளிய வந்தோம். நான் கையை நீட்டி, "சாவியைக் குடுங்கண்ணே"ன்னேன். எனக்கு அழுகை வந்திருக்கணும், வரல. அவரு பேன்ட் பாக்கெட்டுக்குள்ள கையை விட்டுத் தடவினாரு. ஒண்ணை எடுத்துக் கண்ணு முன்னாடி வெச்சுப் பாத்தாரு. சீப்பு. உள்ள போட்டுட்டு இன்னொண்ணை எடுத்துப் பாத்தாரு. மாத்திரை அட்டை. மூணாவது தடவை கையில வந்ததைப் பாத்துத்தான் சாவின்னு அவருக்குத் தெரிஞ்சுது.