முதல் தரம் பெற்ற மோட்டார் பெல்ட்

பிள்ளைகளே, உங்களில் பெரியவன் பள்ளிக்கூடத்தில் போய், "எங்கப்பா மோட்டார் சைக்கிளிலேயே மலை ஏறினவர்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். வாத்தியார் என்னைக் கடைத்தெருவில் நிறுத்தி, நிஜமா என்று கேட்டார். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. வெற்றிலை வாங்குகிறவன் மாதிரி நகர்ந்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

முதல் விஷயம், அது மலை இல்லை. ஆம்பூருக்குத் தெற்கே ஒரு கரடு. ஆடு மேய்க்கிறவர்கள் வெற்றிலை மென்றுகொண்டே ஏறி இறங்குவார்கள். மோட்டார் சைக்கிளில் ஏறுகிறவனுக்குத்தான் அது வேறு மாதிரி தெரியும்.

அப்போது நான் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் இஞ்சின் டிரைவர். கிணற்றிலிருந்து தொட்டிகளுக்குத் தண்ணீர் இறைக்கிற ஆயில் இஞ்சின் என் பொறுப்பு. அந்த ஷாப்பில் சுற்றுகிற எதுவும் என்னிடம்தான் வந்து சேரும். முதலாளி வீட்டுத் தையல் மிஷின் வந்தது. கடிகாரம் வந்தது. அப்படித்தான் மோட்டார் சைக்கிளும் வந்தது. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் முதலாளி அதை வேலூரில் வாங்கினார். இரண்டு தடவை ஓட்டினார். இரண்டாவது தடவை பாலாற்று மணலில் வண்டி நின்றுபோய், இவர் மட்டும் முன்னால் போய் விழுந்தார். எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு, "டிரைவர், இந்தப் பேஜாரு எனுக்கு வேணாம். நீ பாத்துக்க" என்றார்.

நாலு வருஷம் பார்த்துக்கொண்டேன். பேரில்தான் அது அவருடையது.

அந்த வண்டிக்கு கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது. சைக்கிள் மாதிரி இரண்டு பெடல் உண்டு. பெடலை மிதித்து வேகம் பிடித்தால் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். நிற்க வேண்டுமானால் இஞ்சினை அணைக்க வேண்டும். கிளம்ப வேண்டுமானால் மறுபடி மிதி. குறுக்கே ஒரு கோழி வந்தால்கூட அன்றைய பிரயாணம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். இஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு தோல் பெல்ட் ஓடும். ஒரு விரல் அகலம்தான் இருக்கும். பித்தளை ஆணி அடித்து இறுக்கிய தடித்த தோல். மழை பெய்தால் தொய்ந்து வழுக்கும், வெயில் அடித்தால் விறைத்துக் கிறீச்சிடும். நான் அதற்கு விளக்கெண்ணெய் தடவுவேன். அந்த வாசனைக்கு வாணியம்பாடி ரோட்டு நாய்கள் எல்லாம் எனக்குப் பழக்கம்.

பிறகு முதலாளியின் மச்சான் பெங்களூரிலிருந்து ஒரு புது வண்டி கொண்டு வந்தார். அவரை நாங்கள் சின்ன முதலாளி என்போம். அதில் பெல்ட் இல்லை, இரும்புச் சங்கிலி. மூன்று கியர். பெங்களூரில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் விளையாடுகிற டிரையல் என்ற விளையாட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அது ரேஸ் இல்லை. வேகத்துக்கு மதிப்பே இல்லை. கல்லும் முள்ளுமாக ஒரு பாதையில் வண்டியை மெதுவாக ஓட்டிப் போக வேண்டும். கால் தரையில் படக் கூடாது. பட்டால் தோற்றான். அதை அந்தக் கரட்டில் நடத்திப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஷாப் இரண்டாகப் பிரிந்துவிட்டது. தினமும் மதியச் சோறு உண்ணும்போது எந்த வண்டி உசத்தி என்று பேச்சு. குழி மேஸ்திரி என் கட்சி. தோலை ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறப்போடுகிற குழிகளுக்கு அவர்தான் பொறுப்பு.

"சங்கிலி இன்னாத்துக்குபா? கெணத்து வாளிக்கு" என்பார்.

"உங்க டிரைவரு வண்டி மட்டும் இன்னா? செருப்பு வாரு கட்டி ஓட்றாரு. அறுந்தா ஊசி நூல் எடுத்துனு ஓடணும்" என்பார் சின்ன முதலாளி.

நேர்மையாகச் சொன்னால், சங்கிலி வழுக்காது. ஏற்றத்தில் இழுவை ஜாஸ்தி. ஆனால் கல்லில் மோதும்போது அந்த அதிர்ச்சி அப்படியே சக்கரத்துக்குப் போய் வண்டி துள்ளும். பெல்ட் கொஞ்சம் வழுக்கிக்கொடுக்கும். கெஞ்சிக் கேட்டால் விட்டுக்கொடுக்கிற மனுஷன் மாதிரி. கல் பாதைக்கு அதுதான் நல்லது என்பது என் எண்ணம். இன்றைக்கும் அதுதான் என் எண்ணம்.

இந்தச் சமயத்தில் ஷாப்பின் பின்பக்கம் புதிதாகச் சுண்ணாம்புக் குழிகள் வெட்டினார்கள். அங்கே தண்ணீர் இறைக்க ஒரு சின்ன இஞ்சின் வேண்டும். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டு மோட்டார் சைக்கிள் இன்னாத்துக்கு? பழசோட இஞ்சின கழட்டி பம்ப்ல மாட்டிடு. மிச்சம் பழைய இரும்புக்காரன் எடுத்துனு போவட்டும்."

என் வாயில் பேச்சு அளவுக்கு மேல் வந்துவிட்டது. அந்த வண்டி கிழடு இல்லை, சின்ன முதலாளியின் டிரையலில் கரடே ஏறும், கால் ஊன்றாமல் ஏறும் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே இது என் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது.

முதலாளி தாடியைத் தடவினார். "சரி. வர்ற வெள்ளிக்கிழமை தொழுக முடிஞ்சி கரட்டாண்ட வர்றேன். உன் கால் தரைல படாம உச்சிக்கு வந்துட்டா வண்டி உனுக்கே. பட்டுச்சின்னா மறுநாள் இஞ்சின் பம்ப்ல இருக்கணும்."

அன்றிலிருந்து மதிய வேளையில் பழைய சுண்ணாம்புக் குழிகளுக்கு நடுவிலிருந்த குறுகிய வரப்பில் ஓட்டிப் பழகினேன். மூன்றாம் நாள் குழியில் விழுந்தேன். சுண்ணாம்புத் தண்ணீர் தோலிலிருந்து மயிரை உதிர்ப்பதற்காக வைத்திருப்பது. என் இடது முழங்காலுக்குக் கீழே இன்றைக்கும் ரோமம் கிடையாது. நீங்கள் கேட்டபோது பிறவியிலேயே அப்படி என்று சொல்லியிருந்தேன். அது பொய்.

இனி என் தப்பைச் சொல்கிறேன். தோல் ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஈரமாகக் கிடக்கிற தோலை யார் பார்த்தாலும் அதற்கு அடுத்து என்ன வேலையோ அதைச் செய்துவிட வேண்டும். யாருடையது என்று கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. கேட்கிற நேரத்தில் தோல் கெட்டுவிடும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், செவ்வாய்க்கிழமை பெல்ட் விறைப்பாக இருக்கிறதே என்று ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, ஒரு நாள் வேலையாக ராணிப்பேட்டைக்கு ரயிலேறிவிட்டேன். வேலை மூன்று நாள் இழுத்துவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்தால் வாளி காலி.

"ஊறிக் கெடந்துச்சி. கொழில போட்டேன்" என்றார் குழி மேஸ்திரி. பட்டைத் தண்ணீரில் ஒரு நாள் இருந்திருக்கிறது. அங்கிருந்து எண்ணெய் தடவுகிறவர் எடுத்து எண்ணெய் தடவியிருக்கிறார். செதுக்குகிறவர் செதுக்கியிருக்கிறார். அவர் என்னைப் பார்த்ததும் மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். பிரித்தேன். என் பெல்ட்டின் பித்தளை ஆணிகள்.

"எல்லாத்தயும் புடுங்கிட்டேன் டிரைவரே. தோல்ல ஆணி ஓட்ட இருந்தா தரம் கம்மி பண்ணிடுவாங்க. நசுக்கி அடச்சிட்டேன்."

கடைசியாக, தோலைத் தரம் பிரிக்கிறவரிடம் ஓடினேன். கண்ணாடி போட்ட பெரியவர், ஷாப்பிலேயே அவர் வாக்குக்கு அப்பீல் கிடையாது.

"நீட்டமா, ஒரு விரல் அகலமா ஒரு தோல் வந்துச்சா?"

"வந்துச்சி. அருமையான சரக்கு. பட்டு மாதிரி. முதல் தரம்னு முத்திர போட்டேன்."

"இப்ப எங்க?"

"கட்டுல போட்டு தெச்சி, மத்தியானம் ரயில்ல மெட்ராஸ் போய்ட்சி."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் என் தோளைத் தட்டி, "வருத்தப்படாத. லண்டனுக்கு போற சரக்கு அது" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

சுற்றிலும் ஆயிரக்கணக்கான தோல் காய்கிறது, எல்லாம் முதலாளியின் சரக்கு, ஒரு பெல்ட்டுக்கு வெட்ட வழியில்லை. குழி மேஸ்திரிக்கு மனசு கேட்கவில்லை. கழித்துப் போட்ட துண்டுகளை மூன்று அடுக்காக வைத்துத் தைத்து, விடிவதற்குள் ஒரு பெல்ட் கொடுத்தார். மாட்டினேன். இறுக்கமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஷாப் லீவு. அதனால் ஷாப் முழுக்கக் கரட்டில் இருந்தது. பாதையில் மூன்று இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். மூன்றாவது கோடு உச்சியில், முதலாளியின் நாற்காலிக்கு முன்னால்.

சின்ன முதலாளி முதலில் போனார். முதல் கோடு தாண்டி ஒரு பாறையில் வண்டி துள்ளியது. அவர் காலை ஊன்றினார். எல்லாரும் பார்த்தோம்.

"கால் படல!" என்று அங்கிருந்தே கத்தினார். "பூட்ஸுதான் பட்டுச்சி!"

பெரிய வாக்குவாதம். தரம் பிரிக்கிறவரைக் கூப்பிட்டார்கள். அவர் பூட்ஸைக் கழற்றச் சொல்லி, அடித்தோலை வெயிலில் சாய்த்துப் பார்த்து, முகர்ந்து, "அடித்தோல் பாறைல ஒரசியிருக்கு. உள்ள கால் இருந்துச்சா இல்லயான்னு தோலப் பாத்து சொல்ல முடியாது. மேல்தோல் நல்ல சரக்கு" என்றார். முதலாளி, "அது அப்பறம் பேசிக்கலாம்" என்று கையசைத்தார்.

நான் புறப்பட்டேன். முதல் கோடு வரை வண்டி வெண்ணெய் மாதிரி போனது. அந்தப் பாறையில் பெல்ட் கொஞ்சம் வழுக்கிக்கொடுத்தது, நான் நினைத்திருந்தபடியே. அதற்கப்புறம் கொஞ்சம் ஜாஸ்தியாகவே வழுக்கியது. குனிந்து பார்த்தேன். பெல்ட் நீண்டுகொண்டிருந்தது. நான் மேலே ஏற ஏற அது கீழே தொங்கியது. இரண்டாவது கோட்டைத் தாண்டியதும் பின்சக்கரத்திலிருந்து கழன்று, பாம்பு மாதிரி பாதையில் விழுந்து கிடந்தது.

சுமை போனதும் இஞ்சின் கரடே அதிருகிற மாதிரி கத்த ஆரம்பித்தது. வண்டி நிற்கப் போகிறது. நின்றால் கால் ஊன்ற வேண்டும். ஊன்றினால் நாளைக்குப் பம்ப்.

நான் பெடலை மிதித்தேன்.

பிள்ளைகளே, ஆளைவிடக் கனமான இரும்பை ஏற்றத்தில் பெடல் போட்டுக் கொண்டுபோவது எப்படியிருக்கும் என்று எழுத எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பு போதாது. கண் இருண்டது. இஞ்சினை ஏன் அணைக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். கைப்பிடியை விட்டால் விழுந்துவிடுவேன் என்பது ஒரு காரணம். அது பாதி உண்மை.

மூன்றாவது கோட்டைத் தாண்டி, நாற்காலியில் போய் மோதி நின்று, இஞ்சினை அணைத்தேன். முதலாளி எழுந்து கை தட்டினார்.

"சபாஷ் டிரைவர்! இன்னா சத்தம்! சிங்கம் மாதிரி வந்துச்சே!"

எனக்கு மூச்சு வாங்கியது. வாயைத் திறக்காமல் இருந்தால் முழு வண்டியும் எனக்குத்தான் என்று நினைத்தேன். அதற்குள் தரம் பிரிக்கிறவர், பெல்ட்டைத் துண்டு மாதிரி தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்தார். மடக்கிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார்.

"மூணாந்தரம். வயித்துத் தோலு. வயித்துத் தோல்ல பெல்ட் தெச்சா நீளத்தான் செய்யும்."

"இது எங்க கெடந்துச்சி?" என்றார் முதலாளி.

"ரெண்டாவது கோட்டாண்ட."

முதலாளி வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அங்கருந்து யாரு இத்த ஏத்துனது?"

"நான்தான் முதலாளி. மிதிச்சினு வந்தேன்."

"இஞ்சின்?"

"அது சும்மா கத்தினு இருந்துச்சி."

"ஏமாத்து!" என்றார் சின்ன முதலாளி, ஒரு காலில் பூட்ஸோடு.

"கால் ஊனலியே!" என்றார் குழி மேஸ்திரி. "பேச்சு அதானே?"

முதலாளி திரும்பவும் தாடியைத் தடவினார். அவர் அநியாயக்காரர் இல்லை. எல்லாரும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னார்: "டிரைவர் கால் ஊனல. வண்டி அவனுக்குதான், பேச்சு மாற மாட்டேன். ஆனா இஞ்சின் இல்லாமயே கரடு ஏறுற வண்டிக்கு இஞ்சின் எதுக்கு? அத்த பம்ப்ல மாட்டிட்டு, வண்டிய வூட்டுக்கு எடுத்துனு போ."

இந்தத் தீர்ப்பில் எங்கேயாவது ஓட்டை இருக்குமா என்று நானும் இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். நீங்கள் என்னைவிடப் படித்தவர்கள், பாருங்கள்.

மறுநாள் என் கையாலேயே இஞ்சினைக் கழற்றிப் பம்ப்பில் மாட்டினேன். வண்டியை வீட்டுக்கு மிதித்துக்கொண்டு வந்தேன். உங்கள் அம்மா வாசலில் நின்று நடுவிலிருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள்.

"இன்னாங்க, முழு வண்டி தர்றேன்னு சொன்னாரே?"

"இது பெட்ரோல் குடிக்காது" என்றேன்.

நீங்கள் "அப்பாவோட கனமான சைக்கிள்" என்று சொல்கிறீர்களே, அது இதுதான். ஆகவே வாத்தியார் கேட்டால் இரண்டாவது கோடு வரைக்கும் மோட்டார் சைக்கிள் என்றும், அதற்கு மேல் அப்பா என்றும் சொல்லுங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம், லீவு நாளாக ஷாப் வெறிச்சென்று இருந்தபோது, நான் பின்பக்கக் குழிகளுக்குப் போனேன். தொட்டி நிரம்பித்தான் இருந்தது. தண்ணீர் இறைக்கத் தோதாக நான் வைத்திருந்த பெட்ரோல் திருகை அரைச் சுற்றுத் திருப்பி, கரடு ஏறும்போது வைத்த இடத்தில் வைத்தேன். கயிற்றைச் சுற்றி இழுத்துக் கிளப்பினேன். தண்ணீர் வழிந்து என் காலடியில் ஓடிக்கொண்டிருக்க, கரட்டில் கத்திய அதே சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு அணைத்துவிட்டு, திருகைப் பழையபடி தண்ணீருக்குத் திருப்பி வைத்து, துணியால் துடைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.