பெண் பார்த்த அன்று கிடைத்த பதவி உயர்வு

சகாதேவன் இருபத்தொரு வருஷம் ராணுவத்தில் சமையல்காரராக இருந்தார். பர்மா எல்லையில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது இருநூறு பேருக்குச் சப்பாத்தி போட்டவர். அவர் சுபேதார் ஆனது, பென்ஷனில் வந்து பதினைந்து வருஷம் கழித்து, 1976இல், கீழ்பென்னாத்தூரில் ஒரு காராசேவுத் தட்டுக்கு முன்னால்.

மகன் ராஜேந்திரனுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தார்கள். பெண்ணின் அப்பா அப்பாசாமி பத்து ஏக்கரில் மல்லாக்கொட்டை போடுகிறவர்.

"மிலிட்டரியில என்னவா இருந்தீங்க?" என்று கேட்டார்.

சகாதேவன் வாயைத் திறப்பதற்குள் ராஜேந்திரன், "சுபேதாருங்க" என்றான். அவன் தாலுகா ஆபீஸ் கிளார்க். அங்கே எந்தப் பதவி உயர்வும் இத்தனை வேகத்தில் வந்ததில்லை. சகாதேவன் மகனைப் பார்த்தார். பிறகு காராசேவை மெல்ல ஆரம்பித்தார்.

மனைவி செத்த நாளிலிருந்து மகனுக்கு ஆக்கிப் போட்டது அவர்தான். ராஜேந்திரன் படித்ததும் வேலைக்குப் போனதும் அந்தக் கைச் சோற்றில். மருமகள் சரசு வந்த மறுநாள் அவன், "அடுப்படிப் பக்கம் வராதீங்க. அவங்கப்பாவுக்குச் சேதி போயிடும்" என்றான். சகாதேவன் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மீசையைக் கொஞ்சம் பெரிதாக வளர்த்துக்கொண்டார். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து பழகியவர்.

கார்த்திகை தீபம் வந்தால் திருவண்ணாமலையில் வீடு வைத்திருப்பவனுக்குச் சொந்தக்காரர்கள் முளைத்துவிடுவார்கள். 1981 தீபத்தன்று அப்பாசாமி பதினெட்டுப் பேரோடு வேனில் வந்து இறங்கினார். நாலு பேருக்கு மேல் சமைத்தறியாத சரசு திணறினாள். சாம்பார் தீய்ந்த வாசனை முதலில் எட்டியது நாற்காலிக்குத்தான். சகாதேவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். அடுப்படி வாசலில் ராஜேந்திரன் மறித்தான்.

"எங்க போறீங்க?"

"அடிபுடிச்சிடுச்சிடா. கிண்டாம மேலாக்க எடுத்து வேற பாத்திரத்துல ஊத்தணும். ரெண்டு நிமிஷம்."

"பேசாம போய் உக்காருங்க. மானத்த வாங்காதீங்க."

போய் உட்கார்ந்தார்.

பந்தியில் அப்பாசாமி, மகளைக் காப்பாற்றுகிறவராக, "சண்டையில இதவிட மோசமா சாப்ட்டிருப்பீங்க இல்ல, சுபேதாரே?" என்று சிரித்தார்.

"சண்டையில சாப்பாடு நல்லாத்தாங்க இருந்துது" என்றார் சகாதேவன்.

தன் சமையலைப் பற்றி அந்த வீட்டில் அவர் பேசியது அவ்வளவுதான். பக்கத்து இலையில் இருந்த ராஜேந்திரன் நிமிரவில்லை.

1985 ஐப்பசியில் சகாதேவன் இறந்தார். கருமாதிக்குப் படம் வேண்டும். தேரடித் தெருவில் படத்துக்குச் சட்டம் போட்டுப் பேர் எழுதும் காசியின் கண்ணாடிக் கடைக்கு மாமனாரும் மருமகனும் போனார்கள். காசி தூரிகையை நனைத்துக்கொண்டு, "பேருக்கு முன்னால ஏதாவது போடணுமா சார்?" என்றான்.

"சுபேதார்னு போடு. பெரிசா போடு" என்றார் அப்பாசாமி.

காசி 'சு' எழுதி முடித்தான். படத்திலிருந்து அந்த மீசை பார்த்துக்கொண்டிருந்தது.

"வேணாம் காசி" என்றான் ராஜேந்திரன். "அப்பா சுபேதார் இல்ல, மாமா. சமையல்காரரு. நான்தான் அன்னிக்குப் பொய் சொன்னேன்."

பெண் கொடுத்தவர் கத்துவார் என்று எதிர்பார்த்தான். அப்பாசாமி வேறொன்றைக் கேட்டார்.

"அந்தத் தீபத்தன்னிக்கு எழுந்து அடுப்படிக்குப் போனாரே, அதுக்குத்தானா?"

"ஆமாம்."

"ஒடனே திரும்பி வந்துட்டாரே."

"நான்தான் வெரட்டிட்டேன்."

ஒன்பது வருஷமாக 'மாப்ள' என்று மட்டுமே கூப்பிட்டு வந்தவர், "ஏம்பா" என்றார். "ஆக்கிப் போட்டவர அடுப்படிக்குள்ள விடலியா நீ?"

பதிலுக்குக் காத்திராமல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

காசி மண்ணெண்ணெய்த் துணியால் 'சு'வைத் துடைத்தான். "அப்ப சமையல்காரர்னு போட்டுடவா சார்? எடம் கொஞ்சம் ஜாஸ்தி புடிக்கும்."

"போடு" என்றான் ராஜேந்திரன். சத்தம் வெளியே வரவில்லை. காசி மறுபடியும் கேட்டான்.