ஓங்கில் கூட வந்த ஆறு

ஈப்போவில் என் லாரி ஓடாத சாலை கிடையாது. மூன்றாம் வகுப்போடு நின்ற என்னிடம் படித்தவன்கூட யோசனை கேட்பான். நேற்று பேத்தி, "தாத்தா, டால்பின்ங்கிற பேரு கருப்பைங்கிற கிரேக்க வார்த்தையிலருந்து வந்துச்சாம்லா" என்றபோது அம்மா நினைவுக்கு வந்தார்.

என் இருபதுகளில், நானும் அப்பாவும் பிள்ளைவலி கண்ட அம்மாவைத் தோட்டத்திலிருந்து தெலுக் இந்தான் ஆஸ்பத்திரிக்குப் படகில் கொண்டுபோனோம். கலங்கிய ஆற்றில் வழவழப்பான முதுகுகள் எழுந்தன.

"லும்பா-லும்பா! படகோட பந்தயம் ஓடுறதால அந்தப் பேரு" என்றார் மலாய்ப் படகுக்காரர்.

கடற்கரையில் பிறந்த அம்மா வலியிலும் சிரித்தார். "எங்க ஊர்ல ஓங்கில்டா. அது கூட வந்தா பத்திரமா கரை சேர்ந்துரலாம்."

கரை சேர்ந்தோம். பிள்ளையும் தங்கவில்லை, அம்மாவும் தங்கவில்லை.

திரும்பும்போதும் ஓங்கில்கள் கூடவே வந்தன. அப்பா துடுப்பைப் பிடுங்கி, தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தார்.